மூன்றாம் சிலிண்டரில் பன்னீர் வாசம்

இந்த நாட்டுக் கராஜ்களில் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். வண்டிக்குச் சொந்தக்காரன் அதைத் தாண்டக் கூடாது. கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு, கடதாசிக் கோப்பையில் கோப்பி தந்து, கதிரையில் இருத்திவிடுவார்கள். உள்ளே என்ன நடக்கிறதென்று ஆஸ்பத்திரியில்கூட இதைவிடக் கூடுதலாகச் சொல்வார்கள். எங்கள் ஊர் நிந்தவூரில் என் லொறியைத் திருத்தக் கொடுத்தால் மெக்கானிக்கின் தலையும் என் தலையும் ஒரே பொனட்டுக்குள்தான் கிடக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். நெல் மூட்டை சுமந்து தொடங்கி, இரண்டு லொறியும் ஒரு உழவு மெஷினும் சொந்தமாக ஓட்டினவன். கல்முனையிலிருந்து ஒலுவில் வரைக்கும் எந்த வண்டி இருமினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவனை பர்மிங்ஹாமில் கோட்டுக்கு வெளியே குந்தவைத்தார்கள்.

போன மாதம் காரை சேர்விஸ் செய்து எடுத்து வந்தேன். வரும்போது பூனை மாதிரி வந்தது. மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தால் கண்ணாடியெல்லாம் நடுங்குகிறது. என் மனைவி றஹீமா வாசலில் நின்று, "என்னங்க, காருக்குக் குளிர்காய்ச்சலா?" என்றாள். "பொறு புள்ள, ஆருட்ட விளையாடுறானுகள் எண்டு பாப்பம்" என்று பொனட்டைத் திறந்தேன். நீண்ட ஸ்க்ரூ ட்ரைவரின் நுனியை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். அடுத்த வீட்டு வெள்ளைக்காரி வேலிக்கு மேலால் எட்டி, "ஆர் யூ ஓல்ரைட்?" என்றாள். "நம்பர் த்ரீ டெட்" என்றேன். "ஐ ஆம் ஸோ சொரி" என்று நெஞ்சில் கைவைத்துவிட்டு உள்ளே போனாள்.

காது சொன்னதைக் கையாலும் பார்த்தேன். பிளக்குகளுக்குப் போகும் வயர்களை மேல்முனையில் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். மற்ற மூன்றில் எதைக் கழற்றினாலும் நடுக்கம் கூடியது. மூன்றாவதைக் கழற்ற ஒரு மாற்றமும் இல்லை. வேலை செய்யாதவனை வீட்டுக்கு அனுப்பினால் வயலில் என்ன குறையப்போகிறது? அவன்தான் கள்ளன்.

காரைத் திரும்பக் கொண்டுபோய், கராஜ் முதலாளியிடம், உன் ஆள் என் என்ஜினைக் கெடுத்துவிட்டான், மூன்றாம் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஏசினேன். காரைச் செய்தவன் மரேக் என்ற போலந்துக்காரன். அவனுக்கும் என்னளவு இங்கிலீஷ்தான். கம்ப்யூட்டரைக் கொளுவினான். அதுவும் மூன்று என்றது. நான் முதலாளியைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டேன். பிளக்குக்கு மேலே இருந்த கறுப்புக் குழாயை மரேக் உருவினான். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிளக் இருக்கும் குழி நிறையத் தண்ணீர்.

முதலாளியின் முகம் சிவந்தது. மரேக்கிடம், என்ஜினுக்குத் தண்ணீர் அடித்துக் கழுவினாயா, உன்மேல் இது இரண்டாவது முறைப்பாடு, உடுப்பை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போ என்றான். மரேக் இரண்டு கையையும் விரித்து, "நோ வாஷ். நோ வாஷ்" என்றான். நான் கோட்டில் நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டினேன். பன்னீர் மணத்தது.

எங்கள் பக்கம், கராஜிலிருந்து வந்த வண்டியும் நோயிலிருந்து எழும்பிய பிள்ளையும் ஒன்று. ரெண்டுக்கும் கண்ணூறு லேசாகப் படும். என் லொறி திருத்தி வந்தால் றஹீமா குர்ஆனில் யாசீன் ஓதி, தண்ணீரில் ஊதி, பன்னீர் கலந்து, பொனட்டைத் திறக்கச் சொல்லி என்ஜின்மேல் ஊற்றுவாள். அதெல்லாம் டீசல் என்ஜின். பிளக் இல்லை, பொறி இல்லை. எவ்வளவு துஆவையும் தாங்கும். பெற்றோல் கார் தாங்காது.

ஒதுங்கி நின்று போன் எடுத்தேன்.

"புள்ள, காருக்குத் தண்ணி ஊத்தினியா?"

"ஊத்தாம? நீங்க அசர் தொழப் போன நேரம் ஊத்தின. பொனட்டும் நானேதான் திறந்த."

"எவ்வளவு?"

"ஒரு செம்பு. மறுகா, இஞ்ச உள்ளதெல்லாம் நீலக் கண்ணெண்டு இன்னொரு செம்பு."

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் சொல் நிலைக்கும். மரேக்கின் சோறு போகும். அவன் கையுறையைக் கழற்றத் தொடங்கிவிட்டான். மூட்டை சுமந்த காலத்தில் அப்படி என்னையும் ஒருவன் அனுப்பியிருக்கிறான். "சேர், மை வைஃப் வோட்டர்" என்றேன்.

"உன் மனைவி என்ஜினைக் கழுவினாளா?"

"நோ வாஷ். பிரேயர்." மரேக்கைக் காட்டினேன். "ஹிஸ் வேர்க், லோங் டைம், நோ பிரேக்." அவன் செய்த வேலை நெடுநாள் பழுதாகாமல் இருக்கத்தான் ஓதினாள் என்று சொல்லப் பார்த்தேன்.

முதலாளி நான் இருந்த கதிரையில் இருந்துவிட்டான். மரேக் கையுறையைத் திரும்பப் போட்டுக்கொண்டு சிரித்தான். அவனுடைய ஊரிலும் பாதிரியார் கார்களுக்குத் தண்ணீர் தெளிப்பாராம். "பட் மிஸ்டர், பொனட் க்ளோஸ்" என்றான். காற்றடித்துக் குழியைக் காயவைத்து, சுருங்கிப்போயிருந்த ரப்பரையும் மாற்றினான். கார் பூனையானது. சிலிண்டர் மூன்றென்று கம்ப்யூட்டருக்கு முன் சொன்னவன் நான் என்பதை மட்டும் யாரும் மறக்க வேண்டாம்.

போன கிழமை டயர் மாற்றப் போனபோது றஹீமாவும் வந்தாள். முதலாளி அவளுடைய கைப்பையைத்தான் முதலில் பார்த்தான். "தண்ணி இல்லை எண்டு செல்லுங்க அவருக்கு" என்றாள். வேலை முடிந்ததும் மரேக் தானாகவே பொனட்டைத் திறந்து பிடித்தான். அவள் கோட்டின் ஓரத்தில் செருப்பு நுனியை வைத்து நின்று, முக்காட்டுக்குள் ஓதி, மூன்று தரம் ஊதினாள். நாங்கள் ரெண்டு பேரும் கோட்டுக்கு இந்தப் பக்கம். அவள் ஊதிய ஊர்க்காற்று அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை மரேக் பொனட்டை மூடவில்லை.