வரம்பில் கூடிய சபை: கட்டைபறிச்சானில் ஒரு காலை

எங்கள் ஊரில் பின் ஒழுங்கையோடு இருந்த வயலில் இப்போது ஒரு கலியாண மண்டபமும், வாகனம் கழுவும் இடமும், "காணி விற்பனைக்கு" என்ற பலகையும் நிற்கின்றன. மழை பெய்தால் வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர் எங்கள் குசினிக்கு, அடுப்படிவரை வருகிறது. ஆகவே பிரதேச சபைகளைப் புகழ்ந்து எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. மூதூர்ப் பக்கம் வயலை மூடிக் கட்டடம் எழுப்ப யாராவது கேட்டால் சபையே வயலுக்கு இறங்கி வருகிறது என்று ஒரு நண்பர் சொன்னபோது, தேர்தல் வருகிறதாக்கும் என்றுதான் நினைத்தேன். சரி, போய்ப் பார்த்துவிடுவோம் என்று போன ஐப்பசிக் கடைசியில், மாரிகாலப் பெரும்போக நெல் விதைப்பு முடிந்த கையோடு புறப்பட்டேன்.

முதல்நாள் திருகோணமலை நகரில் தங்கினேன். கொட்டியாரக் குடாவைப் படகில் கடந்தால் மூதூர் கிட்டத்தான். ஆனால் மழைக்காலக் கடலை நம்பி ஏற எனக்குத் துணிவில்லை. காலை ஆறே முக்காலுக்கு பஸ் எடுத்து, கிண்ணியாப் பாலம் வழியாக எட்டு மணி கழிய மூதூரில் இறங்கினேன். கட்டணம் இருநூறு ரூபாய்க்குள். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், பாலங்களில் தண்ணீர் நன்றாகத் தெரியும்.

மூதூரிலிருந்து கட்டைபறிச்சானுக்கு ஓட்டோவில் அறுநூறு ரூபாய். ஓட்டிய பாரூக் நானா கண்ணாடியில் என்னை இரண்டு தரம் பார்த்தார்.

"காணி பாக்கவா வந்தீங்க?"

இல்லை, வயலில் நடக்கும் கூட்டத்தைப் பார்க்க வந்தேன் என்றேன்.

"சப்பாத்தப் பாத்தா காணி வாங்கிற ஆள் மாதிரி இரிந்திச்சி. அதக் கழட்டிட்டு எறங்குங்க, நல்லா கதைப்பாங்க."

கழற்றினேன். அவர் சொன்னது முழுக்கச் சரி.

இங்குள்ளவர்கள் இதை "வரம்புக் கூட்டம்" என்கிறார்கள். வயலுக்குள்ளோ வயலோரமோ கட்ட விரும்புகிறவர் வரைபடத்தைக் கொடுத்ததும் சபை முடிவு எடுப்பதில்லை. தண்ணீர் ஓடும் காலம் வரைக்கும் காத்திருக்கச் சொல்கிறது. பிறகு சபை உறுப்பினர், விவசாய அலுவல்களைக் கவனிக்கும் கமநல நிலையத்து உத்தியோகத்தர், வயல்வெளியைப் பார்த்துக்கொள்ளும் வட்டவிதானை, அதே வாய்க்காலைப் பங்குபோடும் விவசாயிகள் எல்லோரும் அந்த இடத்து வரம்பில் கூடுவார்கள். விண்ணப்பித்தவரே தன் கையால் மேல் வாய்க்காலைத் திறந்துவிட வேண்டும். தண்ணீர் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகு பங்காளர் ஒவ்வொருவரும் எல்லோர் முன்னாலும் தன் சொல்லைச் சொல்ல வேண்டும். கோடை வெயிலில் எந்த வயலும் மேடாகத்தான் தெரியும், அதனால்தான் இந்த ஏற்பாடு என்று வட்டவிதானை விளக்கினார்.

அன்றைய விண்ணப்பம் சிவலிங்கம் என்பவருடையது. அறுபதை நெருங்கிய விவசாயி. அவருடைய சின்ன மகளுக்குத் தை மாதத்தில் கலியாணம். கிழக்கில் பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுப்பது வழக்கம் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார், ஆகவே வீடு இல்லாமல் கலியாணப் பேச்சு நகராது. மூத்த மகள் தர்சினிக்கு ஒரு வீடு முன்பே கட்டிக் கொடுத்தாயிற்று, அதோடு வயலில் மேல்பாதியும். சின்னவளுக்கு வீடு கட்ட மிச்சம் இருந்தது ரோட்டோர வயல்துண்டு மட்டுந்தான். கோடையில் அனுமதி கிடைக்கும் முன்பே அதில் கிரவல் மண் கொட்டி மூடிவிட்டார். அதற்குள்ளால் போகும் வடிச்சல் வாய்க்காலில் ஒரு கொங்கிறீட் குழாயையும் புதைத்திருந்தார்.

"குழாய் போட்டுத்தான் மூடினனான். ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை," என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றார்.

சபை உறுப்பினர் றிஸ்வானா மூதூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நோட்டீஸ், தண்டம் என்று ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. "தொறந்து உடுங்க அண்ணன். எல்லாரும் நிண்டு பாப்பம்," என்றார்.

சிவலிங்கம் மண்வெட்டியால் மேல் வாய்க்காலை வெட்டிவிட்டார். தண்ணீர் உற்சாகமாக ஓடி வந்தது. குழாய் வாய்க்கு வந்ததும் கொஞ்சம் உள்ளே போனது, மிச்சம் நின்றது, பிறகு மெல்லப் பின்னுக்கு ஏறியது. மேல்பாதியில் தர்சினி விதைத்த நெல் அப்போதுதான் முளை காட்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பச்சை தண்ணீருக்குள் மறைந்தது.

முறைப்படி ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தபடி முணுமுணுத்தார்கள். தர்சினியின் முறை வந்தது.

"தங்கச்சிக்கு வீடு கட்டுங்கோ எண்டு முதல்ல சொன்னதே நான்தான் அப்பா. ஆனா இதுக்கு ஓம் எண்டு சொல்ல எனக்கு ஏலாது. என்ரை பிள்ளையள் இதிலதான் சாப்பிடுகினம்."

சிவலிங்கம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடைத்திருந்த இடத்துக்குப் போய்க் கிரவலைத் தானே வெட்டத் தொடங்கினார். இரண்டு பேர் மண்வெட்டியோடு கூடப் போனார்கள். வயலில் தண்ணீர் இறங்க அரை மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. முளைகள் பெரும்பாலும் தப்பிவிட்டன.

மிச்சக் கிரவலைச் சபை டிராக்டரில் ஏற்றிப் பள்ளிக்கூட ஒழுங்கையின் பள்ளங்களுக்குப் போடுவதாக றிஸ்வானா சொன்னார். ஏற்றுக்கூலி சிவலிங்கத்திடம் கேட்பதில்லையாம். சட்டத்தைக் காட்டி மிரட்டி அந்த மனிதரை எதிரியாக்கியிருக்கலாம். மேசையில் இருந்தபடி கையெழுத்து வைத்து நண்பராக்கியும் இருக்கலாம். இரண்டும் சுலபமான வேலைகள். இவர்கள் சேற்றில் இறங்கி நின்று தண்ணீரைப் பார்க்க வைத்தார்கள். எனக்கு அந்தச் சபைமீது உண்மையாகவே மரியாதை வந்தது. கொஞ்சம் பொறாமையும் வந்தது.

போக விரும்புகிறவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகையில்தான் கூட்டங்கள் நடக்கின்றன. சபை அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டால் நாள் சொல்வார்கள், பார்க்க வருகிறவர்களைத் தடுப்பதில்லை. குடையும் மாற்று உடுப்பும் கொண்டுபோங்கள். ஆட்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், அங்கே நடப்பது ஒரு குடும்பத்தின் விஷயம். சாப்பாட்டுக்கு மூதூர் பஜாருக்குத் திரும்புவது நல்லது. திரும்பும் ஓட்டோவைக் காலையிலேயே பேசி வையுங்கள், நான் பேசாமல் விட்டு மாட்டிக்கொண்டேன்.

வெயிலில் நடக்கத் தொடங்கிய என்னைச் சிவலிங்கம்தான் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். புறப்படுமுன் அவர் றிஸ்வானாவிடம் ஒரு கேள்வி கேட்டதைக் கேட்டேன்.

"மிஸ், வீட்டு வளவுக்குள்ள, கிணத்தடிப் பக்கமா ஒரு சின்ன அறை இறக்கிறதுக்கு பிளான் வேணுமோ?"

"ஆருக்கு அண்ணன்?"

"எனக்கும் மனிசிக்கும். இருக்கிற வீட்டைச் சின்னவளுக்கு எழுதுவம்."

"நாளைக்கு ஒப்பீசுக்கு வாங்க. நானே பாத்து முடிச்சித் தாறன்," என்றார் றிஸ்வானா.

மூதூர் பஸ் தரிப்பிடத்தில் இறக்கிவிட்டு ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டிருந்த சிவலிங்கத்திடம், அவருடைய மனைவி இதற்குச் சம்மதித்துவிட்டாரா என்று கேட்டேன்.

"அவவுக்கு இன்னும் தெரியாது தம்பி," என்றார். "இப்ப போய்த்தான் சொல்லோணும்."