கரையில் ஒரு கைத்தட்டல்

உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரிக்கரையில், ஆறு வருடங்களுக்கு முன் ஒரு தை மாதப் பகலில் நான் ஒரு தப்பு செய்தேன். அதன் பழி இன்னொருவர்மேல் விழுந்தபோது வாயைத் திறக்காமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு.

எங்கள் ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் மழைக்காலம் முடிந்ததும் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டும். அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்பதால், ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. நாரை இருக்கும் மாதங்களில் சாவுக்குக்கூடப் பறை கிடையாது. கரையில் கைதட்டவும் கூடாது. பள்ளி விழாவில் பிள்ளைகள் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டித்தான் பாராட்டுவார்கள்.

வெளியூர்க்காரர்கள் பார்க்க வர ஆரம்பித்ததும் ஊரே கூடி ஒரு குழு அமைத்தது. பெண்கள் சாப்பாடு போட்டார்கள். சிலர் ஆட்டோ ஓட்டினார்கள். ஏரியில் மீன் பிடித்துவந்த ஒருவர் காவலரானார். ஓய்வுபெற்ற ஆசிரியரான நான் செயலாளர்.

அன்று சென்னையிலிருந்து வந்த சிலர் பெரிய கேமராக்களோடு நின்றார்கள். எங்கள் ஊரைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னார்கள். நாரைகளோ அசையாமல் அடைகாத்தன. எல்லாம் ஒருதடவை சேர்ந்து பறந்தால் படம் நன்றாக இருக்கும் என்றார் ஒருவர். காவலர் சாப்பிடப் போயிருந்தார். நான் சுற்றிலும் பார்த்துவிட்டு, வயலில் குருவி விரட்டுவதுபோல ஓங்கி ஒருமுறை கைதட்டினேன்.

வானமே வெள்ளையானது. படம் அருமையாக வந்ததாம். நாரைகள் திரும்பி உட்காருவதற்குள் காக்கைகள் கூடுகளில் இறங்கிவிட்டன. மறுநாள் தண்ணீரில் முட்டை ஓடுகள் மிதந்தன. ஒரு வாரத்தில் கரையோர மரங்கள் காலியாகிவிட்டன. பார்க்க வருபவர்களும் குறைந்தார்கள்.

குழு கூடியது. சமையல் செய்யும் பெண் ஒருவர் காவலரிடம், "நீ இன்னா பாத்துக்கினு இருந்தே? தூங்கிட்டியா?" என்று கேட்டார். காவலர் என்னை ஒருமுறை பார்த்தார். சாப்பிடப் போயிருந்ததாக மட்டும் சொன்னார். அவரை நீக்கும் தீர்மானத்தை எழுதியதும் என் கைதான்.

அவர் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். அடுத்த வருடம் என் மனைவி இறந்தாள். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். ஆளில்லாத வீட்டில் காற்றில் கதவு அறைந்துகொண்டாலும் எனக்கு அந்தக் கைத்தட்டல்தான் கேட்டது.

போன கார்த்திகையில் குழுவின் முன் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. காவலரைத் திரும்ப அழைப்பது என்று மட்டும் தீர்மானித்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மறுநாள் ஒரகடத்துக்கு அவரைத் தேடிப் போனேன். தன் நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டு அவர் நின்றுகொண்டார்.

"அன்னிக்கே தெரியும் சார். மதகாண்ட வந்துக்கினு இருந்தேன், பாத்தேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"என் புள்ளைங்களுக்குப் பாடம் சொன்னவரு. நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன்."

குழு திரும்ப அழைக்கிறது என்றேன். கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்த லாரிகளைக் காட்டிச் சிரித்தார். "இதுங்களே போதும் சார். கை தட்டினாலும் பறக்காது."

இப்போது காவல் என்னுடையது. கூலி வேண்டாம் என்று சொல்லி, அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தூரத்து மரங்களுக்கு நாரைகள் வருகின்றன. கரையோர மரங்கள் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. ஊரார் வணக்கம் சொல்கிறார்கள், நின்று பேசுவதில்லை. பறவைகளைப் பறக்கவைக்க முடியுமா என்று எப்போதாவது ஒருவர் கேட்பார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வேன். அந்தக் கைத்தட்டல் ஒரு நொடியில் முடிந்துவிட்டது. நானே சொல்வேன் என்று ஒரு மனிதர் காத்திருந்த ஐந்து வருடங்களுக்குத்தான் என்னிடம் ஈடு இல்லை.