மூன்று இடி, ஒரு நற்சான்று

எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் நல்ல மார்க் போட்டதில்லை. எட்டாவதோடு சரி. இப்போது நாற்பத்தாறு வயதில், கனடாவில், என் போன் எனக்குத் தினம் மார்க் போடுகிறது. காரை நிறுத்தி இறங்கியதும் சொல்லிவிடும். பிரேக் எப்படி, வளைவு எப்படி, வேகம் எப்படி. இதற்கெல்லாம் காரணம் ஓர் எருமை.

ஊரில் நான் வேன் ஓட்டினேன். பதினெட்டு வருஷம். கடைசிப் பத்து வருஷம் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் வேலை செய்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு, சத்தியவேடு ரோடு வழியாகக் கவரப்பேட்டையில் இறக்குவேன். மனைவி சுமதி நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது, நானும் வந்தேன். லைசென்ஸ் எடுத்தேன். பழைய கார் ஒன்று வாங்கினோம். ஊருக்கு வெளியே ஒரு ரொட்டி ஃபாக்டரியில் எனக்கு வேலை சொன்னார்கள். அங்கே பஸ் போகாது. கார் இருந்தால்தான் வேலை. இன்சூரன்ஸ் இருந்தால்தான் கார்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் இங்கேயே வளர்ந்த ஒரு தமிழ் அம்மா. உங்கள் பேரில் முன்னால் இன்சூரன்ஸ் இருந்ததா என்று போனில் கேட்டார். என் பேரில் ஏது? வேன் ஓனர் பேரில்தான். அப்படியானால் இன்று காலையில் ஓட்டக் கற்றவனும் நானும் ஒன்று என்றார். இங்கே முறை அப்படி. இடிக்காமல், ஃபைன் வாங்காமல் ஓட்டினால் ரிக்கார்டு சுத்தம், கட்டுகிற தொகை குறையும். இடித்தால் ஏறும். ரிக்கார்டே இல்லாதவன் இடித்தவன் பக்கத்தில் உட்கார வேண்டும். பழைய ஓனரிடம் கடிதம் வாங்கி வாருங்கள், பார்க்கலாம் என்றார்.

ஓனர் முனிரத்தினம் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"இன்னா நைனா, இதுக்குப் போயி தயங்குற. உன்ன மாதிரி டிரைவரு எவன் கீறான்? ஜம்முனு எழுதறேன்."

எழுதினார். இங்கிலீஷில் டைப் அடித்து, ரப்பர் ஸ்டாம்பு குத்தி. சுமதி படித்துச் சொன்னாள். 'பதினெட்டு வருடத்தில் மூன்றே முறைதான் இடித்தார். ஓர் எருமை, ஒரு பால்காரர் சைக்கிள், ஒரு லாரியின் பின்புறம். மூன்றையும் ரோட்டிலேயே பேசி முடித்தார். போலீசுக்கோ இன்சூரன்சுக்கோ போனதே இல்லை. தங்கமான மனிதர்.' எனக்குப் பெருமையாக இருந்தது. சுமதிக்கும்தான். அன்றைக்கே அனுப்பிவிட்டோம்.

எங்கள் பக்கத்தில் இது நற்சான்றுதான். இடித்தால் இறங்குவோம். இரண்டு பேர் கத்துவோம், நாலு பேர் கூடுவார்கள், டீ வரும், பேச்சு முடியும். இன்சூரன்சில் கிளைம் கேட்டால் ஓனருக்கு வருஷா வருஷம் கிடைக்கிற தள்ளுபடி, நோ கிளைம் போனஸ், போய்விடும். கிளைமே கேட்க வைக்காதவன்தான் நல்ல டிரைவர்.

ஏஜென்ட் அம்மா கூப்பிட்டார். "மூன்று விபத்து. மூன்றையும் மறைத்திருக்கிறீர்கள்."

"மறைக்கவில்லை. ரோடே நின்று பார்த்தது."

"ரோட்டில் எருமைக்கு என்ன வேலை?"

"வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது."

பிறகு தொகையைச் சொன்னார். ரொட்டிச் சம்பளத்தில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும்.

அண்ணனிடம் சொன்னேன்.

"பேஜாராப் போச்சே நைனா. வேற லெட்டரு தரட்டா? எருமைய எடுத்துர்றேன்."

"வேணாண்ணா."

"சைக்கிளு?"

"இருக்கட்டும்ணா. இடிச்சது இடிச்சதுதான்."

அவர் குரல் இறங்கியது. "போனஸு எனுக்கு வந்துகினு இருந்துச்சு. இடிச்சது மட்டும் உன் பேர்ல ஏறிக்கினு கீது பாரு." பதினெட்டு வருஷத்தில் இதை இப்போதுதான் சொன்னார்.

ஏஜென்ட் அம்மா ஒரு வழி சொன்னார். போனில் ஒரு செயலி போட்டுக்கொண்டு மூன்று மாதம் ஓட்ட வேண்டும். மெதுவாக ஓட்டுகிறவன் என்று அது சொன்னால் ஏற்றிய தொகை இறங்கும். இல்லையென்றால் காரை விற்க வேண்டும், ரொட்டி வேலையும் போகும். சரி என்றேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

ஓட்டினேன். புதிதாக எதுவும் கற்கவில்லை. ஊரில் முதல் ஷிப்டு விட்டதும் அந்தப் பெண்கள் வேனில் ஏறி, தொழிற்பேட்டை கேட்டைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்கள். பிரேக் போட்டால் தலை போய் முன்சீட்டுக் கம்பியில் இடிக்கும். ஒரு தடவை ஒருத்திக்கு நெற்றி புடைத்தது. அதற்குப் பிறகு உள்கண்ணாடியைச் சீட்டுப் பக்கம் திருப்பி வைத்தேன். ஒரு தலையும் ஆடக்கூடாது. கவரப்பேட்டை வந்து நானாகக் கூப்பிட்டால்தான் எழுந்திருக்க வேண்டும். எனக்கு இருந்த ரிக்கார்டு அதுதான். யாரும் ஸ்டாம்பு குத்தித் தர முடியாது.

மூன்று மாதம் முடிந்து ஏஜென்ட் அம்மா கூப்பிட்டார். தொகை இறங்கிவிட்டது. "பின்னால் முட்டை ஏற்றிப் போகிறீர்களா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட என்றேன்.

அன்று டூட்டி முடிந்து காரில் ஏறிய சுமதி கண்ணாடியைப் பார்த்தாள். "இது எதுக்கு சீட்டப் பாத்துகினு கீது? பின்னாடி வர வண்டி தெரிய வாணாமா?" திருப்பி வைத்தாள்.

சரிதான். தினம் காலையில் கண்ணாடியைச் சாலைப் பக்கம் திருப்பிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். ரொட்டி ஃபாக்டரி வந்து நிறுத்தும்போது அது காலிச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. என் கை அதை எந்த இடத்தில் திருப்புகிறது என்று எனக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிற போனும் அதை மட்டும் எழுதவில்லை.