கிளுவைப் பிசினில் எடுத்த அரைக் குப்பி எண்ணெய்

கிளுவைப் பிசினை உடைத்தால், மாங்காய்த் தோலைக் கிள்ளியது போல ஒரு வாசம் வரும். சோப்பு போட்டுக் கழுவினாலும் விரலை விட்டுப் போகாது. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி கடைசி வருடம் முழுக்க அந்த வாசத்தோடுதான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் போய் வந்தேன். பக்கத்து சீட்டு அக்கா ஒருவர், என்ன தைலம் தேய்த்திருக்கிறாய் என்றுகூடக் கேட்டிருக்கிறார்...

ப்ராஜெக்டில் நாங்கள் இரண்டு பேர். நானும் முத்துலட்சுமியும். அவளுக்கு ஊர் சுந்தரபாண்டியம். அவர்கள் தோட்டத்தைச் சுற்றி வேலியே கிளுவை மரங்கள்தான். அந்தப் பிசினிலிருந்து எண்ணெய் எடுத்து, அதில் என்னென்ன இருக்கிறது, கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிசினைச் சேர்த்துத் தந்தது அவளுடைய அப்பா. மிலிட்டரியில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மரப்பட்டையை லேசாகக் கீறிவிட்டு, துளித்துளியாக உறைந்ததைச் சுரண்டிக் கண்ணாடி பாட்டிலில் போட்டு வைப்பார். பாட்டில் மேல் தேதி எழுதி ஒட்டியிருப்பார். நாங்கள் சொல்லவேயில்லை. அவராகச் செய்தது.

லேபில் அதைப் பொடித்து, தண்ணீரோடு குடுவையில் கொதிக்க வைப்போம். ஆவி மேலே ஏறி, குளிர்ந்த கண்ணாடிக் குழாயில் பட்டு இறங்கும். கோந்து அடியிலேயே தங்கிவிடும். வாசம் மட்டும் எண்ணெயாகப் பிரிந்து தண்ணீர் மேல் மிதக்கும். குழாய் சூடாகிவிட்டால் எல்லாம் போச்சு. மதியத்துக்கு மேல் லேபில் தண்ணீர் வராது. ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்து பக்கெட் தண்ணீரில் போட்டு, அதைக் குழாயைச் சுற்றி ஓட்டுவோம்.

இரண்டு மாதத்தில் சேர்ந்தது அரைக் குப்பி.

கிருமி வளர்த்த தட்டில், அந்த எண்ணெயில் நனைத்த சின்னக் காகித வில்லையை வைத்தோம். மறுநாள் பார்த்தால் வில்லையைச் சுற்றிக் கிருமியே இல்லாத தெளிந்த வளையம். முத்துலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

அன்றைக்குப் பிசின் கொடுக்க வந்த அவள் அப்பாவிடம் மூடிய தட்டைக் காட்டினோம். இது என்ன கிருமி என்று கேட்டார். புண்ணில் சீழ் பிடிக்க வைப்பது என்றேன்.

"அப்பம் அந்த எண்ணெயில எனக்குக் கொஞ்சம் தருவியளா, தாயி?"

செருப்பைக் கழற்றித் துணிச் சுற்றை அவிழ்த்தார். சுண்டுவிரல் பக்கம் கறுத்துப் போயிருந்தது. அவருக்குச் சுகர் உண்டு. ஒரு மாதமாக வீட்டில் யாரிடமும் சொல்லாமல், எங்களுக்கு எடுத்த பிசினையே குழைத்துப் போட்டு வந்திருக்கிறார். வலியே இல்லை என்றார். எனக்கு அதைக் கேட்டுத்தான் பயம் வந்தது.

முத்துலட்சுமி ஃப்ரிட்ஜைத் திறந்து குப்பியை எடுத்துவிட்டாள். அழுதுகொண்டிருந்தாள்.

"எங்கப்பா சேத்த பிசின்டி இது. அவியளுக்கு இல்லாம யாருக்கு?"

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். கிருமியின் மேலுறையைக் கரைக்கிற எண்ணெய், நம் தோலையும் சும்மா விடாது. அதுவும் உணர்ச்சி செத்த காலில் எரிந்தால்கூடத் தெரியாது. அவளுக்கும் இது தெரியும். ஆனால் அது அவளுடைய அப்பா...

தட்டின் மறுபக்கத்தில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த ஆஸ்பத்திரி மருந்தின் வில்லை இருந்தது. அதை அவரிடம் காட்டினேன்.

"மாமா, இந்த மருந்தோட வளையம் எம்புட்டுப் பெருசா இருக்கு, நம்ம எண்ணெயோடது எம்புட்டு இருக்குன்னு நீங்களே பாருங்க. அந்தச் சின்ன வளையமும் தட்டுலதான். கால்ல என்ன செய்யும்னு எங்களுக்கே தெரியாது. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

இரண்டு வளையத்தையும் மாறி மாறிப் பார்த்தார். துணியைச் சுற்றிக்கொண்டு, வாரேன் என்று கிளம்பினார். அன்று மாலையே மதுரையில் சேர்த்தார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

முத்துலட்சுமி மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. ஒரு சொட்டு கொடுத்திருந்தால் விரல் தப்பியிருக்கும் என்று நினைத்தாள். என்னென்ன இருக்கிறது என்று பார்க்க வெளியூர் லேபுக்கு அனுப்பிய எண்ணெயின் ரிப்போர்ட் தபாலில் வந்தது. பைனீன், லிமோனீன் என்று வரிசையாகப் பெயர்கள். அதைக்கூடத் தனித்தனியாகத்தான் படித்தோம்.

பிறகு ஒருநாள் கையில் கம்போடு அவரே லேபுக்கு வந்தார். இன்னொரு கையில் பிசின் பாட்டில். மிச்ச டெஸ்டுக்கு வேண்டுமே என்றார். உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, மகளைப் பார்த்துச் சொன்னார்.

"அன்னைக்கு இந்தப் பிள்ள குடுத்திருந்தா, அதத் தேய்ச்சுக்கிட்டு வீட்டுலயே கெடந்திருப்பேன்டி. முழுக் காலும் போயிருக்கும்."

முத்துலட்சுமி பாட்டிலை வாங்கி, பிசினை உரலில் கொட்டிப் பொடிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமல், "ஐஸ் வாங்கிட்டு வா" என்றாள்.

ஓடினேன்.

பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது எனக்குச் சென்னையில் ஒரு லேபில் வேலை. ஊசி முனையளவு எண்ணெய் போதும். அரை மணி நேரத்தில் அதிலுள்ள எல்லாவற்றின் பெயரும் கம்ப்யூட்டரில் வந்துவிடுகிறது. பக்கத்தில் யாரும் பக்கெட்டோடு நிற்க வேண்டியதில்லை. சில நாள் அது வெறிச்சென்று இருக்கிறது.

முத்துலட்சுமி கோயம்புத்தூரில் டீச்சர். மாமா ஊரில்தான் இருக்கிறார். பேரன் வாங்கிக் கொடுத்த போனில், எந்த எண்ணெய் எதைக் குணமாக்கும் என்று வருகிற வீடியோவையெல்லாம் எனக்கு அனுப்பி, நெசமா என்று கேட்பார்.

போன வாரம் ஒன்று வந்தது. ஏதோ மரப் பிசின் எண்ணெய், சுகர் புண்ணை மூன்றே நாளில் ஆற்றுமாம். நான் பதில் எழுதி முடிப்பதற்குள் அவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்.

"எங்க மிலிட்டரி குரூப்புல வந்துச்சு தாயி. ஏலே, மொதல்ல டாக்டர்ட்ட போங்கன்னு நானே போட்டுட்டேன். சும்மா ஒனக்குக் காட்டுனேன்."

எழுதியதை அழித்துவிட்டு, அவர் குரலை இன்னொரு முறை கேட்டேன்.