தனகோடி புதைத்த பொட்டலங்கள்

செங்கல்பட்டில் நான் நடத்திய நோயாளிகளை வீட்டில் பராமரிக்கும் பயிற்சியில் எனக்கு அதிகம் எரிச்சலூட்டிய ஆள் தனகோடி. வெற்றிலை போடுவாள், சிரிக்க மாட்டாள், எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பாள். ஆனால் படுத்த படுக்கையாகக் கிடப்பவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் போடச் சொன்னால், கடிகாரம் பிசகினாலும் அவள் பிசக மாட்டாள். இந்த வேலைக்கு அது போதும்.

கருங்குழிக்காரி. ஐம்பத்திரண்டு வயது. நாற்று நட்டவள், கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்த்தவள், புருஷனைக் காமாலைக்குக் கொடுத்தவள். போன வருஷம் அவளைத் திருப்போரூரில் அப்பாசாமி என்பவர் வீட்டுக்கு அனுப்பினேன். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்ட கிழவர். மகன் இளம்பரிதி கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறவர். மருமகள் ஸ்வாதி மாமனாரின் அறை நிலைப்படியைத் தாண்டியதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நின்றே நலம் விசாரிப்பாள். பத்து மாதத்தில் கிழவர் முதுகில் படுக்கைப் புண்ணின் சிவப்புத் தடம்கூட வரவில்லை.

அப்போதுதான் தண்ணீர்க் குழாய் பதிக்க வந்த ஆள் அந்த வீட்டு முருங்கை மரத்தடியைத் தோண்டினார். எட்டுப் பொட்டலங்கள் வெளியே வந்தன. செய்தித்தாளில் மடித்து, கறுப்பு நூலால் கட்டியவை. உள்ளே நரைமுடியும் நகத்துண்டுகளும்.

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது தெருவே வாசலில் நின்றது. தனகோடியின் துணிப்பை படியில் கிடந்தது.

"சூனியம் வெச்சிருக்கா மேடம்," என்றாள் ஸ்வாதி. "பாப்பாவுக்கு மூணு தடவ ஜுரம். மனை ரிஜிஸ்டர் பண்ணப் போனா கடைசி நிமிஷத்துல நின்னுபோச்சு. இப்பதான் ஏன்னு புரியுது."

"பில்லி, ஏவல் எல்லாம் தெரிஞ்ச மூஞ்சி அது," என்றாள் எதிர்வீட்டுக்காரி. "என்னிக்காவது சிரிச்சு பாத்துகீறியா நீ?"

சூனியம் வடமொழியிலிருந்து வந்த சொல். வெறுமை என்று பொருள், கணக்கில் பூஜ்யம். ஒன்றுமில்லாததைக் குறிக்கும் சொல்லை எடுத்து, அடுத்தவன் வாழ்வை ஒன்றுமில்லாமல் ஆக்கப் புதைக்கிற பொருளுக்குப் பெயராக வைத்தார்கள் போலிருக்கிறது. ஏவல் என்றால் கட்டளை, பேயை ஏவிவிடுவதாம். செய்வினை என்றால் செய்த காரியம், அவ்வளவுதான். பில்லி எங்கிருந்து வந்தது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், தெலுங்கில் பூனையைக் குறிக்கும் சொல் என்றுகூட. எனக்குத் தெரியாது. இந்தச் சொற்கள் எங்கே போய் விழும் என்பது மட்டும் தெரியும். புருஷன் இல்லாமல் கூலிக்குப் போகிற பெண்மேல் விழும். வாசலில் கார் நிற்கிற வீட்டுக்காரர்மேல் விழுந்து நான் பார்த்ததில்லை.

இளம்பரிதியிடம் கேட்டேன்: "சார், போர்டுல வட்டமாப் போடுவீங்களே சூனியம், அதுக்கா பயப்படறீங்க?"

"எனக்கு இதுல நம்பிக்கை இல்ல மேடம். ஆனா வீட்ல நிம்மதி வேணும் இல்லையா?"

நம்புகிறவளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த மனுஷனை என்னால் முடியவில்லை.

தனகோடியை ஓரமாக இழுத்துப் போனேன். "இன்னாடி இது? நகத்தைக் கவர்ல கட்டிக் குப்பையில போடுன்னுதானே சொல்லிக்கொடுத்தேன்?"

"குப்பையில போட்டா எவனாவது எடுத்து பெரியவருக்கு சூனியம் வெச்சுட்டான்னா? அதான்க்கா, ஒருத்தர் கண்ணுலயும் படாம புதைச்சேன்."

அறைந்திருப்பேன்.

"எங்கம்மா வாசல்ல எவளோ வாரிப்போட்ட முடி கெடந்துச்சு," என்றாள். "சூனியக்காரின்னு தெருவுல இட்டுகினு போயி அடிச்சாங்க. எனக்குப் பத்து வயசு. அன்னிலேந்து முடியும் நகமும் எனக்கு மண்ணுக்குள்ளதான்."

"அதையெல்லாம் உளறாதே. சுத்தத்துக்காகப் புதைச்சேன்னு சொல்லு."

"பொய் சொன்னா மட்டும் வுட்டுடுவாளுங்களா?"

நேராகப் போய்க் கூட்டத்தின் நடுவில் நின்று உள்ளதைச் சொன்னாள். பெரியவருக்கு யாரும் சூனியம் வைத்துவிடக் கூடாதென்றுதான் புதைத்தேன் என்றாள். கூட்டத்தின் காதில் சூனியம் மட்டும்தான் விழுந்தது. "பாத்தியா, அவ வாயாலயே சொல்லிட்டா!" என்று எதிர்வீட்டுக்காரி கைதட்டினாள். இளம்பரிதி துணிப்பையைத் தூக்கி கேட்டுக்கு வெளியே வைத்தார்.

"ரெண்டு மணிக்கொரு தபா பெரட்டணும்," என்றாள் தனகோடி. ஸ்வாதி கேட்டைச் சாத்தினாள்.

அதன்பிறகு மூன்று வீடுகளுக்கு அவளை அனுப்பப் பார்த்தேன். அவள் பெயரைக் கேட்டதும் மூன்று வீட்டிலும் வேண்டாம் என்றார்கள். கருங்குழிக்கும் செய்தி போய்விட்டது. அம்மாவுக்குக் கிடைத்த பெயர் மகளுக்கும் ஒட்டிக்கொண்டது என்று சொந்தத் தெருவிலேயே பேசினார்கள். இனி எந்த வீட்டிலும் அவளுக்கு வேலை கிடையாது என்ற நிலை.

திருப்போரூர் வீட்டில் மந்திரவாதி வந்து பூசணிக்காய் கட்டிவிட்டுப் போனான். வேறு இடத்திலிருந்து ஒரு பெண்ணையும் வைத்தார்கள். அவள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பதாம் நாள் ஸ்வாதி எனக்குப் போன் செய்தாள். கிழவரின் இடுப்புக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்குப் புண் குழிவிழுந்திருந்தது. "முன்னாடி இவரை யார் பாத்துக்கிட்டாங்க? அவங்களையே கூப்பிடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

தனகோடியிடம் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னாள்.

"வரேன். அதே வாசல்ல நின்னு, நான் சூனியக்காரி இல்லன்னு அந்த வூட்டு மருமகப் பொண்ணு சொல்லட்டும். அப்பறம், பெரியவருக்கு நகம் வெட்றது இனிமே அது வேல. நான் தொட மாட்டேன்."

மறுநாள் காலை ஸ்வாதி கேட்டைப் பிடித்துக்கொண்டு அதை முணுமுணுத்தாள்.

"எதிர் வூட்டுக்குக் கேக்கல," என்றாள் தனகோடி.

ஸ்வாதி உரக்கச் சொன்னாள். எதிர்வீட்டு ஜன்னல் படீரென்று சாத்திக்கொண்டது. தனகோடி பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை புண்ணைப் பார்க்கப் போயிருந்தேன். தனகோடி புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். ஸ்வாதி கட்டிலோரம் உட்கார்ந்து நகவெட்டியை ஏதோ தேளைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தாள். கிழவர் இடக்கையைத் தானே நீட்டிக்கொடுத்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டி முடித்து, துண்டுகளைக் காகிதத்தில் மடித்து எழுந்தவள், குப்பைக்கூடையைப் பார்த்தாள். ஜன்னல் வழியே முருங்கை மரத்தைப் பார்த்தாள்.

"இதை எங்க போடறது?"

தனகோடி பஞ்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன் இஷ்டம்மா. நான் பாக்கல."

நான் கிளம்பும்போதும் பொட்டலம் ஸ்வாதியின் கையில்தான் இருந்தது.