சட்டன் வீட்டில் ஓடும் ஆஸ்பத்திரி

காலை 10.40. கிங்ஸ்பரியில் 183ஆம் இலக்கப் பேருந்தில் ஏறினோம். ஆளுக்கு ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ். நவம்பர் மாதச் சனிக்கிழமை. மழை பெய்யவில்லை, ஆனாலும் தெருவில் எல்லாம் நனைந்து கிடந்தது.

நானும் ரூத்தும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறோம். எனக்குத் துப்புரவு வேலை, அவளுக்கு முதியவர்களைப் பராமரிக்கும் வேலை. கிழக்கு ஆபிரிக்காவில் தன் நாட்டில் அவள் பிரசவம் பார்க்கிற நேர்ஸ். நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குத் தெரிந்த எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

லண்டனுக்கு வந்து பதின்மூன்று வருடம் ஆகியும் அதன் தென்கோடியில் இருக்கும் சட்டனுக்கு நான் போனதில்லை. தெரியாதவர்கள் வீடு என்றால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். என்னை எதற்குக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று பேருந்திலேயே கேட்டேன்.

"நீர் ஒண்டும் கதைக்கமாட்டீர். அங்கை எல்லாரும் கதைப்பினம். ஒராள் பேசாமல் பக்கத்திலை இருக்கோணும்."

11.20. ஹென்டனில் சட்டன் ரயில் பிடித்தோம். மாறத் தேவையில்லை, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டம். தேம்ஸ் ஆற்றைக் கடக்கும்போது ரூத் விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய ஊரில் வெளிநாட்டுக் கடனில் ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்கள். நாற்பது கட்டில், சூரிய வெளிச்சத்தில் ஓடும் விளக்குகள், பிரசவ அறைக்கு இரண்டு மெஷின். ரூத்தோடு சேர்த்து ஆறு நேர்ஸ்.

"கட்டடத்துக்குக் கடன் குடுப்பினம். சம்பளத்துக்குக் குடுக்கமாட்டினம். கடன் திருப்பிக் கட்டத் தொடங்கினதும் எங்களை வைச்சிருக்கக் காசில்லை எண்டு அரசாங்கம் சொல்லிப் போட்டுது. ஒவ்வொருத்தரா இஞ்சை வந்து சேர்ந்திட்டம்."

இப்போது ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒரேயொரு நேர்ஸுக்கு ஒரு வருடச் சம்பளம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. ரூத்தைத்தான் கேட்கிறார்கள். அன்று பின்னேரம் இரண்டு மணிக்குள், அதாவது அங்கே ஐந்து மணிக்குள், பதில் சொல்ல வேண்டும். ஒருவரும் வராவிட்டால் கட்டடத்தைப் பூட்டிவிடுவார்கள். அவள் போனால் இங்கே விசா முடிந்துவிடும். ஊரில் சகோதரியோடு இருக்கும் மூன்று பிள்ளைகளும் படிப்பது இங்கத்தைய சம்பளத்தில்.

"ஒரு வருசத்துக்குப் பிறகு?" என்று கேட்டேன்.

"அதை மட்டும் ஒருத்தரும் சொல்லினமில்லை."

12.45. சட்டன் நிலையத்தில் வாடகைக் காரில் ஏறினோம். ஒன்றரை மைல் தூரம், எட்டுப் பவுண். ஓட்டிய தம்பி எங்கள் ஆள்தான்.

"அக்கா ஊரிலை எவடம்?"

"கிளிநொச்சிப் பக்கம்."

எங்கே போகிறோம் என்று கேட்டான். ஓர் ஆபிரிக்க ஆஸ்பத்திரிக்கு உதவி கிடைக்கிற விஷயம் என்று சுருக்கமாகச் சொன்னேன். அவன் கண்ணாடியில் ரூத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் தொடங்கினான்.

"ஆபிரிக்காவுக்கு எவ்வளவு காசைக் கொட்டியாச்சு அக்கா! ஓட்டை வாளிக்குள்ளை தண்ணி விட்ட மாதிரி. நாங்கள் என்ன, கையேந்தியே முன்னுக்கு வந்தனாங்கள்?"

யுத்தம் முடிந்த பிறகு முகாமில் நான் படுத்தது வெளிநாட்டு எழுத்துப் போட்ட தறப்பாள் கூடாரத்தின் கீழே. வரிசையில் நின்று வாங்கிய அரிசியும் வெளிநாட்டு அரிசி. பிறகு உதவித்திட்டத்தில் தந்த கல்வீட்டுக்குக் கதவு இருந்தது, கிணறு இல்லை. தண்ணீருக்கு இரண்டு மைல் நடந்தோம். இதையெல்லாம் அவனிடம் சொல்லியிருக்கலாம்.

"என்ன சொல்றார்?" என்று ரூத் கேட்டாள்.

"மழை வருமாம்."

"மழைக்கு இவ்வளவு கோவமோ?" என்று சிரித்தாள்.

1.05. ரூத்தோடு ஊரில் வேலை செய்த மற்ற ஐந்து நேர்ஸும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். சோளமாக் களியும் கீரையும் தந்தார்கள். கை கழுவ அடுப்படிக்குப் போனபோது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு ஷிப்ட் அட்டவணை ஒட்டியிருந்தது. திங்கள் காலை எஸ்தர், திங்கள் இரவு ரூத் என்று ஆறு பெயரும் இருந்தன. இங்கே ஆளுக்கொரு இடத்தில் வேலை செய்பவர்களுக்கு எப்படி ஒரே அட்டவணை என்று யோசித்தேன்.

"அது அங்கத்தைய ஆஸ்பத்திரிக்கு," என்றாள் எஸ்தர். அவள்தான் அந்த வீட்டில் மூத்தவள். "நாங்கள் இன்னும் டியூட்டியிலைதான் இருக்கிறம்."

நேர்ஸ்மார் எல்லாரும் போனபிறகும் ஆஸ்பத்திரிக் காவலாளி ஜோசப் போகவில்லை. பிரசவ நோவோடு யாராவது வந்தால் அட்டவணையில் உள்ளவரைத் தொலைபேசியில் கூப்பிடுவார். வந்தவளின் தாயோ அக்காவோ கையை வைக்க, எப்படி என்று சட்டனில் இருந்து குரல் சொல்லும். அந்த வருடம் பதினொரு பிள்ளைகள் அப்படிப் பிறந்தன என்றாள் ரூத்.

"பத்து," என்று எஸ்தர் திருத்தினாள். "பதினொண்டாவது உயிர் தங்கேல்லை."

கோப்பைகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு ரூத்தை ஏசத் தொடங்கினாள்.

"போ, போய் நில். பிள்ளையளின்ரை ஃபீஸை ஆர் கட்டுறது? ஜோசப்போ?"

"அப்ப அந்த உதவி வேண்டாம் எண்டு சொல்லட்டோ?"

"உதவியைப் பிழை சொல்லாதை. என்ரை ரெண்டு பிள்ளையளும் உயிரோடை இருக்கிறது உதவியா வந்த தடுப்பூசியாலை. நான் கேக்கிறது, ஏன் எல்லாத்தையும் பாதியிலை விடுகினம் எண்டுதான்."

1.50. மடிக்கணினியோடு இணைத்த தொலைக்காட்சித் திரையில் ஆஸ்பத்திரி வந்தது. நாங்கள் ஏழு பேரும் மடிக்கணினியின் கமராவுக்கு முன்னால் நெருங்கி உட்கார்ந்தோம். ஜோசப் கையில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவரும் ரூத்தும் பேசியதை எஸ்தர் எனக்கு மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரூத்தின் பதிலுக்காக ஊர்ப் பெரியவர்களின் குழு வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கிறதாம்.

நீண்ட வார்ட். கட்டில்களின் மெத்தைகளில் பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. ஆளில்லாத இடத்தில் எல்லா விளக்கும் எரிந்தன. நான் பார்த்தது நிலத்தை. அது என் தொழில். ஒரு தூசி இல்லை. ஈரத்துணி போன வளைவுகள் கதவு வரை ஒழுங்காக இருந்தன, ஒரு காலடிகூட இல்லை. யாரும் நடக்காத நிலத்தை ஒருவர் தினமும் துடைக்கிறார்.

"பிரசவ அறையைக் காட்டு," என்றாள் ரூத்.

ஜோசப் தொலைபேசியை எதிலோ செருகிவிட்டு விலகினார். படம் ஆடி நின்றது. எதிரே மெஷின் வைத்த கண்ணாடி அலுமாரி. ஜன்னல் திரையை இழுத்து மூடியிருந்ததால் கண்ணாடி கறுப்பாக இருந்தது. அதில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

வெள்ளை நேர்ஸ் சட்டை. சட்டையின் கைகள் இரண்டும் நாற்காலியின் கைப்பிடிகளில் விரித்து வைக்கப்பட்டிருந்தன. கைகளுக்குள் கை இல்லை. கழுத்துக்கு மேலே தலை இருக்க வேண்டிய இடத்தில் சின்ன வெளிச்சம். உற்றுப் பார்த்தேன். அந்த வெளிச்சத்துக்குள் ஏழு முகங்கள் இருந்தன. ஓரத்தில் இருந்தது நான்.

கையை வாயில் வைத்தேன். கண்ணாடியிலும் ஒரு சின்னக் கை, கொஞ்சம் பிந்தி, வாய்க்குப் போனது.

"ஜோசப், அது என்ன?" ரூத்தின் குரல் மாறியிருந்தது.

உடம்பில்லாத குரலுக்குப் பெண்கள் பயந்தார்களாம். ஒருத்தி பாதி நோவில் எழுந்து ஓடப் பார்த்தாளாம். அதனால் சட்டையை நாற்காலிக்குப் போட்டு, கழுத்தில் தொலைபேசியை வைக்கத் தொடங்கினாராம். இப்போது பெண்கள் வந்தவுடன் நாற்காலிக்கு வணக்கம் சொல்கிறார்களாம்.

"ஆரின்ரை சட்டை?"

"உங்கடைதான் சிஸ்டர். விட்டிட்டுப் போனியள்."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. ரூத் என் கையைப் பிடித்தாள். அவளுடைய கை என் கையை விட ஈரமாக இருந்தது.

"ஜோசப், அதைக் கழற்றித் தோய்ச்சு வை," என்றாள். "இடுப்புப் பக்கம் கொஞ்சம் பிரிச்சுவிடச் சொல்லு. நான் இஞ்சை வந்து கொழுத்திட்டன்."

அவள் வருகிறாள் என்று ஜோசப் அங்கே கத்திக்கொண்டு வெளியே ஓடியது கேட்டது. நாற்காலி எங்களைப் பார்த்தபடியே இருந்தது. எஸ்தர் எழுந்து அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் பேனா இருந்தது. "அட்டவணையை மாத்தோணும். இனி இஞ்சை நாங்கள் அஞ்சு பேர்தான், இவளின்ரை பிள்ளையளின்ரை ஃபீஸையும் பங்கு போடோணும்," என்றாள். குரலில் கோபம் குறையவில்லை.

4.10. திரும்பும் ரயிலில் ரூத் நித்திரையாகிவிட்டாள். ஜன்னல் இருட்டிவிட்டது. அதில் தெரிந்த என் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். உதவியும் கடனும் வறுமையைக் குறைக்குமா என்று என்னைக் கேட்டால், தறப்பாளும் அரிசியும் இல்லாவிட்டால் இதை எழுத நான் இல்லை என்றுதான் சொல்ல முடியும். ஆனால் கதவு தந்தவர்கள் கிணற்றைப் பற்றி எங்களிடம் கேட்கவில்லை. ரூத்துக்குக் கிடைத்ததும் ஒரு வருடம்தான்.

தை மாதம் அவள் போய்விட்டாள். கடைசி நாள் கழற்றிய நீல வேலைச் சட்டை எங்கள் ஓய்வறை நாற்காலியின் முதுகில் தொங்கியது. அந்த இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. நிலம் துடைக்கப் போன நான் முதலில் சட்டையை எடுத்து மடித்து அலுமாரிக்குள் வைத்தேன். பிறகுதான் வாளியைத் தொட்டேன்.