பதர் திரும்பி விழும் களம்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் பிறந்தவனுக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனியும் ஆடியும் வந்தால் ஓட்டைப் பிரித்து, வேட்டியை உருவி, வாயில் மண்ணை அள்ளிப்போடும் காற்று அது. ஞானதாசனும் அந்த மண்ணைத் தின்று வளர்ந்தவன்தான். தெரிந்தே ஏமாந்தானே என்பதுதான் என் ஆற்றாமை.

சண்டைக்காலத்தில் பட்டாளத்துக்குப் போய், லாரிப் பட்டறையில் வேலை பழகித் திரும்பியிருந்தான். காற்றில் சுற்றும் சக்கரம் ஒன்று கிணற்றுத் தண்ணீரை இறைப்பதை எங்கோ வடக்கே பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வாயைத் திறந்தால் அதே பேச்சு. மனைவி சத்தியபாய்க்குச் சீதனமாக வந்த வாழைத்தோட்டம் மலையடிவாரத்தில் இருந்தது. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் கமலையை இழுக்கச் செவலையும் மயிலையுமாக ஒரு ஜோடிக் காளை. அவையும் அவளோடு வந்தவை. 1950 பங்குனியில், சக்கரத்துக்கு இரும்பு வாங்க வேறு வழியில்லாமல், அவன் காளைகளை விற்கத் துணிந்தான்.

சத்தியபாய் அழவில்லை. "நம்ம தோட்டத்துக் களத்துல யாராவது பொலி தூத்திப் பாத்திருக்கியளா? காத்து இரையும், அவ்வளவுதான். பதரு சுத்திச் சுத்தி நெல்லு மேலயே விழும். அதுக்குல்லா எல்லாரும் கதிரை வெட்டவெளிக் களத்துக்குச் சுமக்காவ" என்றாள்.

அவனே சின்ன வயதில் அந்தக் கதிர்க்கட்டைச் சுமந்தவன். ஆசை பிடித்தவனுக்கு அதெல்லாம் ஏறுமா?

"ஏட்டி, அது தரைக் காத்து. நான் நிறுத்தப்போறது பனை உயரத்துல. இந்த இரைச்சலைக் கேட்டியா? மலையே நமக்கு இறைச்சுத் தரும் பாரு."

காளைகள் போயின. ஆனியில் சக்கரம் ஏறியது. முதல் நாள் அழகாகச் சுற்றியது. குழாயில் தண்ணீர் கொட்டியது. ஊரே திரண்டு வந்து பார்த்தது. சத்தியபாயும் சிரித்தாள். அந்த ஒரு நாளை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், அவர்களுக்கு வாய்த்ததே அவ்வளவுதான்.

ஆடிக் காற்று மூர்க்கமானதும் சாயம் வெளுத்தது. கணவாய் வழியே வரும் காற்று ஒரே முகமாக வரும். மலையேறித் தாண்டி வருவது அடிவாரத்தில் குப்புற விழுந்து சுருளும். சக்கரம் மேற்கே பார்க்கும், உடனே கிழக்கே திரும்பும், நடுவில் திகைத்து நிற்கும். ஒரு மத்தியானம், சக்கரத்தைக் காற்றின் பக்கம் திருப்பும் வால்தகடு பிய்த்துக்கொண்டு பறந்தது. இறகுகள் தூணில் அடித்து நொறுங்கின. நிமிர்த்திப் பூட்டினான், மறுபடியும் நொறுங்கின. அதற்குமேல் பூட்ட அவனிடம் ஒன்றுமில்லை.

வாழை குலைதள்ளும் நேரம், இலையெல்லாம் மஞ்சளித்துத் தொங்கியது. ஊரெல்லாம் இறைக்கிற பருவத்தில் யார் மாடு தருவார்கள்? செவலையும் மயிலையும் இராஜாக்கமங்கலத்துக்கும் அப்பால் கைமாறிப் போயிருந்தன.

ஞானதாசன் காளைகள் இழுத்த பெரிய இறைசாலைக் கழற்றிவிட்டு ஒரு தகர வாளியைக் கட்டினான். கமலை வடத்தைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, காளைகள் நடந்து தேய்ந்த சரிவில் இறங்கினான். சத்தியபாய் கிணற்று மேட்டில் நின்று தண்ணீரை வாய்க்காலில் கவிழ்த்தாள். தலைக்குமேல் காற்று ஓவென்று இரைந்துகொண்டிருந்தது. நாலு வாழை நனைவதற்குள் அவன் தோல் உரிந்துவிட்டது.

வாளி மறுபடி நிறைந்தது. குனிந்து பார்த்த சத்தியபாய், இத்தனை வருஷப் பழக்கத்தில், "நட, செவலை" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.